ஆஞ்சியோவுக்குப் போகிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டியவை

“அப்பாவுக்கு நாளைக்கு ஆஞ்சியோ” என்று பெங்களூர் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். கையில் ஊசி போட்டு ஸ்கேன் மெஷினில் எடுக்கிற சி.டி. ஆஞ்சியோகிராம் ஒன்று. மணிக்கட்டு வழியாகவோ தொடை இடுக்கு வழியாகவோ மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய்ப் படம் எடுக்கிற ஆஞ்சியோகிராம் இன்னொன்று. அந்தப் படத்தில் தெரிந்த அடைப்பைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற வலைக் குழாய் வைக்கிற ஆஞ்சியோபிளாஸ்டி மூன்றாவது. இந்தப் பதிவு நடுவில் இருப்பதைப் பற்றியது. அது வெறும் படம்தான், அதனால் எந்த அடைப்பும் போகாது. “ஆஞ்சியோ பண்ணியாச்சே, இன்னும் ஏன் மாத்திரை?” என்று வீட்டில் கேட்பதற்குக் காரணம் இந்தப் பெயர்க் குழப்பம்தான்.

தேர்ந்த கையில் படம் எடுக்கும் வேலை 15 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். மேஜையில் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். ஆனால் தடுத்திருக்கக்கூடிய தொல்லைகள் பல, கேட்க வேண்டியவர் கேட்காததாலும் சொல்ல வேண்டியவர் சொல்லாததாலும் வருகின்றன. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் பெங்களூரில் ஜெயநகர் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்கோ பொம்மசந்திராவில் உள்ள ஆஸ்பத்திரிக்கோ வருகிற தமிழ்க்காரர்களுக்கு மொழியும் ஒரு தடை. அதனால் எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதையே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் நாள்

ஈ.சி.ஜி., எக்கோ, ஹீமோகுளோபின், பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள். அவற்றில் நீங்களே கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். இதயக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியாது. அயோடின் கலந்த ‘டை’ உள்ளே போனால்தான் தெரியும். அந்த டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குக் கீழே, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், உண்மையான நிலவரம் அதில்தான் தெரியும். கிரியாட்டினின் 1.4 என்றால் 40 வயது ஆணுக்கு அந்த எண் 65 வாக்கில் வரும். 75 வயதுப் பாட்டிக்கு அதே 1.4-க்கு 40-க்கும் கீழே இறங்கிவிடும். “கிரியாட்டினின் கொஞ்சம்தான் ஏறியிருக்கு” என்று வயதானவர்கள் விஷயத்தில் விட்டுவிடக் கூடாது. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் சலைன் ஏற்றுவது, டையை முடிந்தவரை குறைப்பது, அவசரமில்லை என்றால் தள்ளிப்போடுவது என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். பின்னாளில் டயாலிசிஸ் வரலாம் என்று உங்கள் சிறுநீரக டாக்டர் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காகக் கையின் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட மணிக்கட்டு ரத்தக் குழாய் தேவைப்படும்; அதில் கை வைக்காமல் வேறு வழியில் போகலாமா என்று பார்ப்பார்கள்.

மாத்திரை எல்லாவற்றையும் பெயர் எழுதிக் கொண்டுபோவதைவிட, அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல மாத்திரைகளுக்குள் ஒளிந்திருக்கும். கிளிமிபிரைடு என்று நினைத்துப் போடுகிற மாத்திரையின் பெயரில் கடைசியில் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதற்குள் மெட்ஃபார்மின் இருக்கும். டையால் சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அன்றும் அடுத்த 48 மணி நேரமும் நிறுத்தி, கிரியாட்டினினை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கும் சில ஆஸ்பத்திரிகளில் நிறுத்தச் சொல்வதுண்டு. மூட்டு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் வகைகளையும் சொல்லுங்கள். டையோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் படுத்துவது அவைதான். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மறைக்க வேண்டாம்.

எகோஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை “ரத்தம் நிற்காதே” என்று பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆஞ்சியோவுக்கு அவை ரத்தத்தில் இருப்பதுதான் நல்லது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் விஷயம் வேறு. அவற்றை எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தவே வேண்டுமா என்பது ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணையும், எந்த வழியாகப் போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள் சொந்த முடிவில் ஒரு வேளை கூட விடக் கூடாது. வால்வில் ரத்தம் உறைந்தால் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது ஆண்கள் மறைக்கிற விஷயம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் வகை மாத்திரை எடுப்பவர் எப்போது எடுத்தார் என்று சொல்லியே ஆக வேண்டும். மணிக்கட்டுக் குழாய் இறுகாமல் இருக்க நைட்ரோகிளிசரின் கொடுப்பது வழக்கம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் அது உள்ளே போனால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவர்களை வெளியே அனுப்பிவிட்டு டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது தினம் கேட்கிற பதில்தான்.

மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் “அயோடின் ஆகாது” என்று பயப்படுகிறார்கள். அந்த ஒவ்வாமை மீனிலும் இறாலிலும் உள்ள புரதத்தால் வருவது, அயோடினால் இல்லை. ஆனால் முன்பு ஏதாவது சி.டி. ஸ்கேனில் டை ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்திருந்தாலோ மூச்சு முட்டியிருந்தாலோ அது மிக முக்கியமான தகவல். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 13 மணி நேரம் முன்பே ஆரம்பிப்பது வழக்கமான முறை. காலையில் ஸ்ட்ரெச்சரில் போகும்போது சொன்னால் அதற்கு நேரம் இருக்காது.

4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குடிக்கலாம், குடிப்பது சிறுநீரகத்துக்கும் நல்லது. 10 மணிக்கு என்று சொன்னது மாலை 4 மணிக்குத் தள்ளிப்போவது சாதாரணம், நடுவில் மாரடைப்போடு ஒருவர் வந்தால் அவருக்குத்தான் முதலிடம். தள்ளிப்போனால் சர்க்கரைக்காரர்கள் சும்மா காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

மணிக்கட்டு வழியாகத்தான் செய்யப்போகிறார்கள் என்றாலும் தொடை இடுக்கிலும் முடி எடுப்பார்கள். மணிக்கட்டில் வழி கிடைக்காவிட்டால் உடனே அங்கே மாறுவதற்காக அது. வலது மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றை இடது கைக்கு மாற்றிவிடுங்கள். கழுத்தில் உள்ள உலோகம் படத்தில் நிழலாக விழும். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முன்கூட்டியே சொன்னால் ஓரமாக ஒதுக்கி ஒட்டிவிடுவார்கள். காது மெஷின் போடுபவர் அதைக் கழற்றாமல் போக முடியுமா என்று கேளுங்கள். உள்ளே சொல்வது காதில் விழ வேண்டும்.

மேஜை மேல்

ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேப் நன்றாகக் குளிரும். மேஜை ஒடுக்கமாக இருக்கும். பக்கவாட்டில் ‘சி’ எழுத்து மாதிரி வளைந்த எக்ஸ்ரே கை ஒன்று நெஞ்சைச் சுற்றி வந்துகொண்டிருக்கும், சில கோணங்களில் முகத்துக்கு மிக அருகில் வரும். இடிக்காது, தலையைத் தூக்காமல் இருந்தால் போதும். முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள், நீங்கள் விழித்திருப்பீர்கள். அதனால்தான் பேச்சு முக்கியம்.

மணிக்கட்டில் 1 அல்லது 2 மில்லி மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். அந்த ஊசிதான் பெரும்பாலானவர்களுக்கு அன்றைய பெரிய வலி. பிறகு ‘சீத்’ என்ற சிறு குழாய் ரத்தக் குழாய்க்குள் போகும். அதன் வழியாக இதயம் வரை போகும் மெல்லிய குழாய்தான் கதீட்டர், அதன் அளவை ‘ஃபிரெஞ்ச்’ கணக்கில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் 1 மில்லிமீட்டர். வழக்கமான 5 அல்லது 6 ஃபிரெஞ்ச் கதீட்டர் 2 மில்லிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். ஆனால் மணிக்கட்டுக் குழாயே பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். இறுக்கமான சட்டைக் கைக்குள் கையை விடுவது போலத்தான். குழாய் மிரண்டு சுருங்கிக்கொள்ளாமல் இருக்க சீத் வழியாக ஒரு மருந்து கொடுப்பார்கள், முழங்கை வரை சில விநாடி எரியும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினும் கொடுப்பார்கள்.

கதீட்டர் கைக்குள் ஏறி, தோள் தாண்டி, இதயத்தின் வாசலுக்குப் போகும்போது நெஞ்சுக்குள் எதுவும் ஊர்வது தெரியாது. முன்கையிலோ முழங்கையிலோ பிடித்து இழுக்கிற மாதிரி வலித்தால் குழாய் சுருங்கியிருக்கலாம், அல்லது வழியில் குழாயே வளையமாகச் சுழன்றிருக்கலாம். இங்கேதான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். “டாக்டரைத் தொந்தரவு பண்ணக் கூடாது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சொன்னால் இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, மெல்லிய கதீட்டருக்கோ தொடைக்கோ மாறுவார்கள். சொல்லாமல் இருந்தால், சுருங்கிய குழாயில் கதீட்டரை மேலும் நகர்த்துவதால் உட்சுவர் கிழியவும் வாய்ப்பு இருக்கிறது.

இதயத்தின் இடது, வலது குழாய் வாய்களில் கதீட்டரை வைத்து டையைச் செலுத்தி, வெவ்வேறு கோணத்தில் ஓடும் படமாக எடுப்பார்கள். ஒரு தடவைக்குச் சில மில்லிதான், படம் மட்டும் என்றால் மொத்தம் 30 முதல் 60 மில்லியில் பொதுவாக முடியும். இதய அறைக்குள் மொத்தமாக 30 மில்லி போல பம்ப் வைத்துச் செலுத்தினால் உடம்பு முழுக்கச் சூடு பரவி, படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது. 20 விநாடியில் அடங்கிவிடும். இப்போது எக்கோவிலேயே இதயத்தின் சுருங்கும் திறன் தெரிவதால் பலருக்கு அதைச் செய்வதில்லை.

மூச்சைப் பிடிக்கச் சொல்வது, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள சவ்வு கீழே இறங்கி இதயத்தின் மேல் விழும் நிழல் விலகுவதற்காக. பெங்களூரில் இதை அநேகமாகக் கன்னடத்தில் சொல்வார்கள். ‘உசிரு’ என்றால் அவர்களுக்கு மூச்சு. “உசிரு தகொள்ளி” என்றால் மூச்சை உள்ளே இழு. “உசிரு ஹிட்கொள்ளி” என்றால் பிடித்துக்கொள். அடுத்து வருவதுதான் தமிழ்க் காதை ஏமாற்றும்: “உசிரு பிடி” என்பார்கள், அந்தப் ‘பி’யை ‘பிஸ்கட்’டில் வருவது போலச் சொல்வார்கள். அதற்கு அர்த்தம் மூச்சை விடு! நம் ஊரிலிருந்து வந்த பெரியவர் அதைக் கேட்டு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். “அல்லாடபேடி” என்றால் ஆடாதே, அசையாதே. “நோவு இத்யா?” என்றால் வலிக்கிறதா. “கெம்மி” என்றால் இருமு. இந்தக் கடைசிச் சொல்லை நன்றாக நினைவில் வைக்கச் சொல்லுங்கள். டை போனதும், முக்கியமாக வலது குழாயில் போகும்போது, இதயத் துடிப்பு சில விநாடி மெதுவாகலாம். பலமாக இருமினால் டை வேகமாக வெளியேறித் துடிப்பு திரும்பும். ‘கெம்மி’ காதில் விழுந்தால் யோசிக்காமல் இரும வேண்டும். வீட்டு ஆள் உள்ளே வர முடியாது. அதனால் முதல் நாள் ராத்திரியே இந்த ஆறு சொல்லையும் நாலு தடவை சொல்லிப் பழக்கிவிடுங்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் உள்ளே இருப்பாரா என்றும் கேட்டு வையுங்கள், இந்த ஊரில் பல சமயம் இருப்பார்.

ஆபத்து பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திட்டமிட்டுச் செய்கிற ஆஞ்சியோகிராமில் மரணமோ பக்கவாதமோ மாரடைப்போ வருவது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1000 பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவு. மிக வயதானவர், சிறுநீரகம் கெட்டவர், இதயம் மிகப் பலவீனமானவர் என்றால் கூடும். உங்கள் ஆளுக்கு எவ்வளவு என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஸ்டென்ட் பேச்சு

கையெழுத்து வாங்கும் படிவத்தில் “ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டி” என்று சேர்த்தே இருக்கலாம். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அச்சிட்ட தாளில் கடகடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கண்ணாடி அறைக்கு வெளியே “90 பர்சென்ட் பிளாக், இப்பவே சொல்லுங்க” என்று கேட்கும்போது கைகால் நடுங்க நிற்கிறார்கள். முடிவெடுக்க அதைவிட மோசமான நேரம் இல்லை. “அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைப்பீர்களா? எந்த மாதிரி அடைப்பு என்றால் வைக்காமல் வெளியே வருவீர்கள்?” என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

மாரடைப்போடு வந்தவருக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், உடனே திறப்பதுதான் உயிர் காக்கும். மாடிப்படி ஏறினால் மட்டும் வலி, உட்கார்ந்தால் சரியாகிறது என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கிறவர் விஷயம் வேறு. 2007-இல் வந்த ‘கரேஜ்’ ஆய்வும், 5000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வும் அப்படிப்பட்டவர்களில் நல்ல மருந்து சிகிச்சையோடு ஸ்டென்ட்டையோ பைபாஸையோ சேர்த்து முதலிலேயே செய்வதால் மரணம் குறையவில்லை என்றே காட்டின. வலி குறைந்தது, அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடது பெருங்குழாயின் அடைப்பு இந்தக் கணக்கில் சேராது, அப்படிப்பட்டவர்களை ‘இஸ்கீமியா’ ஆய்வில் சேர்க்கவில்லை.

பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் என்றால் முக்கியமான அடைப்பு, இடது பெருங்குழாயில் 50 சதவீதமே முக்கியம். இந்தச் சதவீதம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்வது. நடுத்தரமாக இருந்தால் அழுத்தம் அளக்கும் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கலாம். ‘எஃப்.எஃப்.ஆர்.’ என்ற அந்த எண் 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவைப்படாது. சர்க்கரையும் மூன்று குழாய் அடைப்பும் சேர்ந்தவருக்கு பைபாஸ் நல்லது என்று 2012-இல் ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது. அவருக்கு மேஜையிலேயே ஸ்டென்ட் வைக்க அவசரப்படக் கூடாது என்பது என் திடமான கருத்து.

ஒரே தடவையில் முடிப்பதில் லாபமும் உண்டு. ஒரே துளை, ஒரே அட்மிஷன். அடைப்பு ஒன்று, வலி தெளிவாக அதனால்தான் என்றால் அதுவே சரி. ஆனால் டையின் அளவு 150, 200 மில்லி வரை போகலாம் என்பதைச் சிறுநீரகக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். அடுத்த சில மாதத்தில் ஹெர்னியா, மூட்டு என்று எந்த ஆபரேஷன் இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தால் வழக்கமாக 6 முதல் 12 மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை விடாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

ஸ்டென்ட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியிலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறது, அது அவ்வப்போது திருத்தப்படுகிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும், கம்பெனி ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஆஞ்சியோவின் ஓடும் படம் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காகித ரிப்போர்ட் போதாது. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் அவர் ஓடும் படத்தைத்தான் பார்க்க விரும்புவார்.

கட்டுப் போட்ட பிறகு

சீத்தை எடுத்ததும் மணிக்கட்டில் காற்று நிரப்பும் பட்டை போடுவார்கள், அல்லது பஞ்சை உருட்டி வைத்து இறுக்கி ஒட்டுவார்கள். பட்டை என்றால் சுமார் 15 மில்லி காற்று ஏற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 2, 3 மில்லியாக இறக்குவார்கள். ரத்தம் கசிந்தால் மறுபடி ஏற்றுவார்கள். ரத்தம் நிற்க வேண்டும், ஆனால் குழாயும் முழுக்க நசுங்கக் கூடாது. நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வைத்தால் குழாய் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். அதனால் விரல் மரத்தாலோ, நீலமாகிக் குளிர்ந்தாலோ, முன்கை கல் மாதிரி வீங்கி வலித்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டு ஆட்கள் இரக்கப்பட்டு கட்டைத் தளர்த்தக் கூடாது.

படுக்கையிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றாதீர்கள். இரண்டு நாள் ஸ்பூனில் இடது கையால் சாப்பிடலாம். ஒரு வாரத்துக்குத் துணி பிழியக் கூடாது, சப்பாத்தி மாவு பிசையக் கூடாது, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கவே கூடாது. ஸ்கூட்டரை டாக்டர் சொன்ன பிறகு எடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவது ஆறாத மணிக்கட்டுக்கு ஆகாது. இதயம் பலவீனம் என்று தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்கலாம்.

தொடை வழியாகச் செய்திருந்தால் 15, 20 நிமிடம் கையால் அழுத்திப் பிடிப்பார்கள், பிறகு 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இருமினாலும் தும்மினாலும் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். சில நாள் குந்தி உட்காரும் கக்கூஸ் வேண்டாம். இடுப்பிலோ முதுகின் கீழ்ப்பக்கத்திலோ புதிதாக வலி வந்து, வியர்த்துத் தலை சுற்றினால் அதை வாயு என்று விட்டுவிடாதீர்கள். வெளியே ஒரு சொட்டுக் கூடத் தெரியாமல் வயிற்றுக்குப் பின்பக்கம் ரத்தம் கசிவது அப்படித்தான் தொடங்கும்.

ஓசூர் பஸ்ஸில் போகும்போது மணிக்கட்டில் ரத்தம் வந்தால், துளைக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். முழுசாக 10 நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடையில் வந்தால் படுக்க வைத்து அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிறுநீரகக் குறை உள்ளவர்கள் 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினின் மறுபடி பார்க்க வேண்டும். வலி எதுவும் இல்லாததால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் உடம்பில் அரிப்போடு தடிப்பு வந்தால் அது டையாலும் இருக்கலாம். மறுபரிசோதனைக்குப் போகும்போது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு இன்னொரு குழாயும் ரத்தம் கொடுப்பதால் இது அடைத்தாலும் பலருக்குத் தெரியாமலே போய்விடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் திறக்க வழி இருக்கிறது, அடுத்த முறை அதே வழி தேவைப்படலாம்.